முனியின் சாவி யார் கையில்?

சேலம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் என்று ஒரு சாமி. ஊர்மக்கள் நேர்ந்துகொண்டு தலைமுறை தலைமுறையாகக் கும்பிட்டு வந்தவர். 2022 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், அவர் முனியப்பன் இல்லை, புத்தர் என்று தீர்ப்புச் சொன்னது. தொல்லியல் துறையினர் போய்ப் பார்த்து அறிக்கை கொடுத்திருந்தார்கள்: தாமரைப் பீடம், அர்த்த பத்மாசனத்தில் உட்கார்ந்த உடல், மடியில் தியான முத்திரை, நீண்டு தொங்கும் காது, சுருள்முடி. துண்டாகிக் கிடந்த தலையைப் பிற்பாடு யாரோ சிமெண்ட் பூசி ஒட்டியிருக்கிறார்கள். அறநிலையத் துறை விலகிக்கொள்ள வேண்டும், தொல்லியல் துறை எடுத்துக்கொள்ள வேண்டும், புத்தர் என்று பலகை வைக்க வேண்டும், பூசை கூடாது. உத்தரவு அவ்வளவுதான்.

2011இல் வழக்குத் தொடுத்த சேலத்துப் பௌத்தர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. கழுத்து துண்டான நிலையில் தங்கள் ஆசானைப் பார்த்துவிட்டு, வேறு பெயரில் யாரோ கற்பூரம் காட்டுகிறார்கள் என்று சும்மா போய்விட எவராலும் முடியாது. ஆனால் அதே இடத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வேண்டிக்கொண்டு வந்தவளிடம், "அம்மா, நீ கும்பிட்டது இவரை இல்லை" என்று ஒரு பலகை சொல்வதையும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. இரண்டு பேருக்கும் இடம் விட ஒரு வழி இருந்திருக்கும். நீதிமன்றத்துக்கு முன் வந்த கேள்வி "யார் இவர்?" என்பது. அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் எழுத முடியும்.

ஜொகூரில், லாயாங் லாயாங்கில் இருந்துகொண்டு சேலத்து வழக்கைப் பற்றி நான் ஏன் பேச வேண்டும் என்று கேட்கலாம். எங்கள் கோயிலின் ஆண்டுப் பொதுக்கூட்டம் வருகிறது. அதில் ஒரு தீர்மானம். முனியாண்டி கோயில் என்ற பெயரைச் சிவமுனீஸ்வரர் ஆலயம் என்று மாற்றுவது, சுருட்டும் சாராயமும் கிடாயும் நிறுத்துவது, பண்டாரத்துக்கு ஓய்வு கொடுத்துவிட்டுத் தமிழ்நாட்டிலிருந்து குருக்களை வரவழைப்பது. மூன்றையும் ஒரே தீர்மானமாக எழுதியிருக்கிறார்கள். முதல் பகுதிக்குக் கை தூக்குகிறவர் மற்ற இரண்டுக்கும் தூக்கியவர் ஆகிவிடுவார். கெட்டிக்காரத்தனமான எழுத்து.

இந்த விஷயத்தில் எனக்கு வழிகாட்டுவது ஜப்பான். சிரிக்க வேண்டாம். 1982இல் மகாதீர் கிழக்கு நோக்கும் கொள்கையை அறிவித்த பிறகு, ஜப்பானியத் தொழிற்சாலைகள் எங்கள் பக்கத்துப் பையன்களை வேலைக்கு எடுத்தன. சிலரைப் பயிற்சிக்கும் அனுப்பின. செனாயில் மின்னணுச் சாமான் செய்யும் ஆலையில் இருந்த நானும் அப்படித்தான் நாகோயாவுக்குப் போனேன். ஒரு விடுமுறை நாளில் ஆலையின் மூத்த தொழில்நுட்பர் ஒருவர் என்னை ரயிலில் இசே கோயிலுக்குக் கூட்டிப் போனார். சூரியத் தேவி அமதெராசுவின் கோயில். இசுசு ஆற்றின் மேல் மரப்பாலம், வர்ணம் பூசாத மரம், வைக்கோல் போல வேய்ந்த கூரை, வாசலில் வெள்ளைத் திரை. திரைக்கு அப்பால் யாரும் போக முடியாது. இருபது ஆண்டுக்கு ஒருமுறை முழுக் கோயிலையும் பக்கத்து மனையில் புதிதாகக் கட்டித் தேவியைக் குடிமாற்றுவார்கள். கடைசியாக 2013இல் நடந்தது, அடுத்தது 2033. "இங்கே புத்த மதம் கிடையாது, இது சுத்தமான ஜப்பான்" என்று அவர் பெருமையோடு சொன்னார்.

அந்தச் சுத்தத்தின் கதையைப் பிறகு படித்தேன். புத்தரை இசே எல்லைக்குள் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்ற விலக்கு மெய்யாகவே பழையது. புத்தருக்கு "நடுப்பிள்ளை", சூத்திரங்களுக்குச் "சாயத்தாள்", மொட்டைத் துறவிக்கு "நீளமுடிக்காரர்" என்று மாற்றுப் பெயர்கள் வைத்திருந்தார்கள். துறவிகள் தூரத்தில் நின்றுதான் கும்பிட வேண்டும். ஆனால் 13ஆம் நூற்றாண்டில் அதே இசேக்கு வந்த முஜூ என்ற துறவி, கோயில் அதிகாரி ஒருவர் சொன்னதாக ஒரு கதையைத் தன் நூலில் எழுதிவைத்தார். நாடு உருவாகும் முன், கடலின் அடியில் மகாவைரோசன புத்தரின் முத்திரை கிடந்தது. தேவி ஈட்டியை இறக்கித் துழாவினாள். ஈட்டி நுனியிலிருந்து சொட்டிய துளியைக் கண்டு ஆறாம் சொர்க்கத்து மாரன் பயந்துவிட்டான். இந்த மண்ணில் புத்த தர்மம் பரவும், மனிதர்கள் என் பிடியிலிருந்து தப்பிவிடுவார்கள் என்று அழிக்க ஓடிவந்தான். தேவி அவனை வழியில் மறித்தாள். "புத்தர், தர்மம், சங்கம் என்ற மூன்று ரத்தினங்களின் பேரை நான் சொல்ல மாட்டேன், அவற்றை என் உடம்பருகே விட மாட்டேன், நீ திரும்பிப் போ" என்று வாக்குக் கொடுத்தாள். அவனும் நம்பிப் போய்விட்டான். அதனால்தான் வெளியே துறவிகளுக்குத் தடை, உள்ளே தர்மத்துக்குக் காவல்.

எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். தடையை உடைக்காமல், தடைக்கே புத்த அர்த்தம் கொடுத்துவிட்டார்கள். தேவி பொய் சொன்னாள் என்றும் வைத்துக்கொள்ளலாம்; எங்கள் மாரியம்மன் கதைகளைக் கேட்டு வளர்ந்தவனுக்கு அதில் அதிர்ச்சி ஒன்றும் இல்லை.

இதற்குப் பின்னால் ஒரு தத்துவம் இருக்கிறது. புத்தர்களும் போதிசத்துவர்களும் மூலநிலம், உள்ளூர்த் தெய்வங்களான காமிகள் அந்த மூலம் இங்கே பதித்த தடங்கள் என்பது அது. ஷிங்கோன் எனும் மந்திர வழிப் பௌத்தத்தைச் சேர்ந்தவர்கள் இன்னும் ஒரு படி போய், இசேயின் உட்கோயில் கருப்பை மண்டலம், வெளிக்கோயில் வச்சிர மண்டலம் என்று இரண்டையும் தங்கள் மண்டலப் படங்களோடு பொருத்தினார்கள். மகாவைரோசனருக்கு ஜப்பானியப் பெயர் தைநிச்சி, பெரிய சூரியன். சூரியத் தேவியோடு அவர் ஒட்டிக்கொள்ளப் பெரிய முயற்சி தேவைப்படவில்லை.

இந்த மந்திர வழியில் நமக்கும் பங்கு உண்டு. தென்னிந்தியாவிலிருந்து, பல்லவர் காஞ்சியோடு தொடர்புள்ள வச்சிரபோதி என்ற ஆசான், இலங்கை வழியாகவும் ஸ்ரீவிஜயம் வழியாகவும் கப்பலேறிப் போய் 719இல் சீனத்துக் குவாங்சோவில் இறங்கினார். அவர் மாணவர் அமோகவச்சிரர், அமோகவச்சிரரின் மாணவர் ஹுய்குவோ, அவரிடம் 804இல் சீனம் வந்து கற்றுக்கொண்டு 806இல் ஜப்பான் திரும்பியவர் கூகாய். கூகாய் கொண்டுபோன ஆசான்களின் ஓவியங்களில் வச்சிரபோதியின் படமும் ஒன்று. இன்றும் கியோட்டோவின் தோஜி கோயில் வசம் இருக்கிறது. நம் ஹோமம் அங்கே கோமா. மந்திரங்களைச் சித்தம் என்ற இந்திய எழுத்தில் இன்னும் எழுதுகிறார்கள். கடாரத்தின் கரையோரம் போன கப்பல்கள் மிளகையும் கற்பூரத்தையும் மட்டும் ஏற்றிப் போகவில்லை.

சரி, முனியாண்டிக்கு வருகிறேன். அவர் இருக்கும் இடத்தைச் சொன்னால்தான் விஷயம் புரியும். ரயில் பாதைக்கு ஓரமாக ஒரு பெரிய மரம், அதன் அடியில் கல், கல்லுக்குப் பக்கத்தில் சூலம், ஒரு வெள்ளைக் குதிரை. பால்மரம் சீவிய காலத்தில் தண்டவாளக் கூலிகளும் தோட்டத்து லயத்துக்காரர்களும் வைத்த சாமி. பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது, லயங்கள் காலியாகித் தாமான் வீடுகளுக்கு ஆள்கள் போய்விட்டார்கள், அவர் மட்டும் அங்கேயே நின்றுவிட்டார். கொஞ்ச தூரத்தில் சீனக் கடைக்காரர் வைத்த சிவப்புப் பெட்டியில் டத்தோ என்ற சாமி இருக்கிறார். சொங்கோக் தொப்பி போட்ட மலாய்க் கிழவர். அவருக்கு வெற்றிலை, ரோக்கோ சிகரெட். பன்றி இறைச்சி ஆகாது. பண்டாரம் முனிக்குச் சுருட்டுப் பற்றவைத்துவிட்டுத் திரும்பும்போது டத்தோவுக்கும் ஒரு ஊதுபத்தி வைத்துவிட்டுப் போவார். "பக்கத்து வீட்டுக்காரர் தம்பி, பார்த்துட்டுப் பேசாமப் போகலாமா?" என்பார்.

இடைக்கால ஜப்பானில் முனிக்கும் டத்தோவுக்கும் ஒரு தனிப்பிரிவே வைத்திருந்தார்கள். புத்தரின் தடம் என்று சான்று பெற்ற காமிகள் கோன்ஷா. சான்று பெறாதவர்கள் ஜிஷ்ஷா: பாம்பு, நரி, கோபத்தோடு செத்தவர்களின் ஆவி, கும்பிட்டால் காக்கும், கும்பிடாவிட்டால் அடிக்கும் வகை. ஸொன்காக்கு என்ற துறவி 1324இல் எழுதிய நூலில், ஜிஷ்ஷாக்களைக் கும்பிட வேண்டாம், அவற்றால் கதிமோட்சம் கிடையாது என்று சொல்லிவிட்டார். எங்கள் தீர்மானத்தை எழுதியவர் ஸொன்காக்குவைப் படித்திருக்க மாட்டார். ஆனால் இரண்டு பேருடைய குரலும் ஒன்று.

கிட்டத்தட்ட அதே காலத்தில் ஹியேய் மலையில் கோஷூ என்ற துறவி பெரிய தொகுப்பு நூல் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தார். அவர் இதைத் தலைகீழாகத் திருப்பினார். காமிகளின் மெய்யான உருவம் பாம்புதான் என்றார். பாம்பு காமம், கோபம், மயக்கம் என்ற மூன்று நஞ்சுகளின் உருவம். நாமும் அதே நஞ்சுகளால் ஆனவர்கள். விடுதலை எங்கோ மேலே இல்லை, நஞ்சுக்குள்ளேயே இருக்கிறது என்பது மந்திர வழியின் அடிப்படை. அப்படியானால் பளபளக்கும் போதிசத்துவரைவிடப் பொந்துப் பாம்புதான் நமக்குக் கிட்டத்துச் சாமி. சான்றில்லாத சாமியைச் சான்று கொடுத்து மேலே ஏற்றாமல், அவர் இருக்கும் இடமே உச்சி என்று சொல்லிவிடுகிறது இந்தச் சிந்தனை. சுருட்டை அணைக்கச் சொல்லாத ஒரு தத்துவம் நம் சைவத்திலும் உண்டு. சுடலைப் பொடி பூசியவனைக் கும்பிடுகிறவர்கள்தானே நாம்.

இதை முறைகேடு, மார்க்கப் பிறழ்வு என்று சொன்னவர்களும் உண்டு. தச்சிகாவா வழி என்று ஒரு பெயர் அடிபடும். 1113இல் இசுவுக்கு நாடு கடத்தப்பட்ட நின்கான் என்ற ஷிங்கோன் துறவியை அதன் மூலகர்த்தா என்பார்கள். மண்டையோட்டை வைத்து ஆண் பெண் சேர்க்கைச் சடங்கு செய்தார்கள் என்பார்கள். அந்தச் சடங்கை 1268இல் ஷிஞ்ஜோ என்பவர் எச்சரிக்கையாக எழுதினார். 1375இல் யூகாய் என்ற ஷிங்கோன் அறிஞர், பிடிக்காதவற்றையெல்லாம் சேர்த்துத் தச்சிகாவா தலையில் கட்டினார். அண்மைக்கால ஆய்வாளர்கள் இரண்டையும் பிரித்துக் காட்டுகிறார்கள்: ஷிஞ்ஜோ சொன்ன மண்டையோட்டுச் சடங்குக்கும் தச்சிகாவா பரம்பரைக்கும் சம்பந்தம் இல்லை. இதற்கு நடுவில், பிணம் தின்னும் சுடுகாட்டு டாகினியின் மந்திரமும் முத்திரையும் பேரரசர் அரியணை ஏறும் சடங்குக்குள்ளேயே வந்துவிட்டன. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கி 19ஆம் நூற்றாண்டு வரை அந்த அரியணைச் சடங்கு நீடித்தது. அரண்மனைக்குள் நடந்தால் ரகசிய வித்தை, குடியானவன் செய்தால் பிறழ்வு. எங்கள் ஊரிலும் பணக்காரர் வீட்டு யாகத்தில் எவ்வளவு நெய் ஊற்றினாலும் யாரும் வீண் செலவு என்று சொல்வதில்லை. ஒரு கோழிதான் உறுத்துகிறது.

இவ்வளவும் சொன்னதால் இடைக்கால ஜப்பான் ஏதோ சமரச சொர்க்கம் என்று நினைத்துவிடக் கூடாது. என் வாதத்தின் முக்கியமான இடம் இதுதான். மூலநிலம், தடம் என்று தத்துவம் சமமாகப் பேசினாலும், நடைமுறையில் நிலமும் நெல்லும் பெட்டிச் சாவியும் துறவிகள் கையில் இருந்தன. ஹியேய் மலை அடிவாரத்தில், சகமோத்தோவில் உள்ள ஹியே கோயிலின் பூசாரிகள் நூற்றாண்டுக் கணக்கில் மலைமேல் மடத்துக்குக் கீழ்ப்படிந்து கிடந்தார்கள். 15ஆம் நூற்றாண்டில் யோஷிதா கனெத்தோமோ (1435–1511) தத்துவத்தை மாற்றிப் போட்டார்: காமி வழிபாடான ஷிந்தோ வேர், கன்பூசியம் கிளை, பௌத்தம் பூவும் காயும். வேடிக்கை என்னவென்றால் அவர் வகுத்த சடங்குகளிலும் கோமா இருந்தது. புத்தரை வெளியே அனுப்பினாலும் ஹோம குண்டத்தை அணைக்க மனசு வரவில்லை.

பிறகு 1868. புதிதாக வந்த மெய்ஜி அரசு, காமியையும் புத்தரையும் பிரி என்று ஆணையிட்டது. கோயிலில் புத்தர் சிலையைக் காமியாகக் கும்பிடக் கூடாது. ஆணை வந்த சில நாள்களில் ஹியே கோயிலில் ஜுகே ஷிகெகுனி என்ற பூசாரி ஆயுதம் தாங்கிய ஆள்களோடு நுழைந்து, கதவுகளை உடைத்து, சிலைகளையும் சூத்திரச் சுருள்களையும் வெளியே போட்டுக் கொளுத்தினார். புத்தர் முகத்தில் அம்பெய்து சிரித்தார் என்றும் சொல்வார்கள். அரசு அவ்வளவு தூரம் போகச் சொல்லவில்லை. ஆணையில் எரிப்பு என்ற சொல்லே இல்லை. அந்த நெருப்புக்கான விறகை மடம்தான் நூற்றாண்டுகளாக அடுக்கி வைத்திருந்தது. கியோட்டோவில் மாட்டுத்தலைத் தேவராசரின் கியோன் கோயில் யசாக்கா கோயில் ஆகி, தேவராசர் போய் சுசனோவோ காமி வந்தார். நாராவின் கோஃபுகுஜி துறவிகள் ஒட்டுமொத்தமாகக் கசுகா கோயில் பூசாரிகளாக மாறிப்போனார்கள். மலையில் திரிந்த ஷுகெந்தோ சாமியார்களை 1872இல் தடை செய்தார்கள். 1869இல் பேரரசர் இசேக்கு வந்த காலத்தில் அந்த ஊரிலிருந்த புத்தக் கோயில்கள் வரிசையாக மூடப்பட்டன. என் மூத்த தொழில்நுட்பர் காட்டிய சுத்தமான ஜப்பான் என் தாத்தாவின் தாத்தா காலத்தில் செய்தது.

தமிழ்நாட்டிலும் அரசு ஆணையால் சாமியைத் திருத்தப் பார்த்தார்கள். விலங்கு, பறவைப் பலியைத் தடுக்கும் 1950ஆம் ஆண்டுச் சட்டம் அரை நூற்றாண்டு தூங்கிக் கிடந்தது. 2003இல் ஜெயலலிதா அரசு அதைத் தட்டி எழுப்பியது. கிராமங்களில் எழுந்த கசப்பைப் பார்த்து 2004இல் சட்டத்தையே ரத்து செய்துவிட்டார்கள். பலி வேண்டுமா என்று என்னைக் கேட்டால், நான் கிடாய் வெட்டுமிடத்தில் நிற்பவன் இல்லை, விலகிப் போய்விடுவேன். ஆனால் என் வயிற்றுக் குமட்டலைச் சாமிக்குச் சட்டமாக்க எனக்கு உரிமை இல்லை.

தீர்மானத்தை முன்வைத்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. தோட்டம் கைமாறும்போது கோயிலுக்கு ஆவணம் கேட்கிறார்கள், மரத்தடிச் சாமியைக் கோயில் என்று ஒத்துக்கொள்ள மறுக்கிறார்கள். ஆகமக் கோயில் என்றால் கொஞ்சம் மரியாதை. படித்த பிள்ளைகள் சாராய வாடை வரும் இடத்துக்கு வரக் கூச்சப்படுகிறார்கள். பொருளாளர் தம்பி என்னிடம் நேரடியாகவே கேட்டார்: "அண்ணே, முனி சிவனோட அம்சம்தானே, அப்புறம் பேரை மாத்துறதுல என்ன தப்பு?" நான் சொன்னேன், அம்சம் என்று நீங்கள் மனதாரச் சொல்லலாம், கல்வெட்டிலும் வெட்டலாம், எனக்கு ஒரு எதிர்ப்பும் இல்லை. பழைய ஜப்பான்காரர்கள் அதைத்தான் செய்தார்கள். தேவியை மகாவைரோசனர் என்றார்கள். ஆனால் அமதெராசு என்ற பெயரையோ துறவியைத் தள்ளி நிறுத்தும் அவள் விலக்கையோ அவர்கள் தொடவில்லை. அம்சம் என்று சொன்னதும் சுருட்டையும் பண்டாரத்தையும் எடுத்துவிட வேண்டும் என்பது எந்தத் தத்துவத்திலிருந்து வருகிறது? அது வேறு கணக்கு.

பண்டாரத்துக்கு ஆகமம் தெரியாதுதான். அவர் அப்பா தண்டவாளத்தில் கல் போட்டவர், தாத்தா கப்பலில் வந்தவர். முனி எந்த வெள்ளிக்கிழமை என்ன கேட்பார் என்று அவருக்குத் தெரியும். சாவி அவர் இடுப்பில்தான் இருக்கிறது. ஒப்பந்தத்தில் வரும் குருக்கள் இரண்டு மூன்று வருடத்தில் பெர்மிட் முடிந்து ஊர் திரும்புவார், அடுத்தவர் வருவார். பண்டாரத்தை மணியடிக்கும் ஆளாக ஓரத்தில் உட்காரவைத்தால், அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். அவர் பேரன் சொல்வான். ஹியே பூசாரிகள் மலையைப் பார்த்தபடி எத்தனை தலைமுறை வாயை மூடிக்கொண்டு இருந்தார்கள் என்று மேலே சொல்லிவிட்டேன்.

ஆகவே திருத்தம் ஒன்று கொண்டுவருகிறேன். தீர்மானத்தை மூன்றாகப் பிரித்துத் தனித்தனியாக வாக்கெடுக்க வேண்டும். புதிய கோபுரம், லிங்கம், குருக்கள், கும்பாபிஷேகம் எல்லாம் வரட்டும். பலகையில் சிவமுனீஸ்வரர் என்று பெரிதாகவும், அதே அளவு எழுத்தில் முனியாண்டி என்றும் இருக்கட்டும். மரமும் கல்லும் சூலமும் குதிரையும் இருக்கும் இடம் கூரையில்லாமல் அப்படியே நிற்க வேண்டும். அங்கே என்ன படைப்பது என்பதைப் பண்டாரக் குடும்பமும் நேர்த்தி வைத்தவர்களும் தீர்மானிப்பார்கள், நிர்வாகக் குழு அல்ல. அந்தச் சன்னிதிச் சாவி அந்தக் குடும்பத்தில் இருக்கும் என்று சங்கப் பதிவிலாகாவுக்குப் போகும் சட்டதிட்டத்திலேயே ஒரு விதியாக எழுத வேண்டும். டத்தோ பெட்டியை யாரும் நகர்த்தக் கூடாது. அது நம் இடமே இல்லை, இருந்தாலும் எழுதி வைப்பது நல்லது, திருப்பணி லாரிகள் எதையும் பார்ப்பதில்லை.

எழுத்தில் செயலாளரிடம் கொடுத்துவிட்டேன். வழிமொழிய ஒருவர் வேண்டும்.